மாறாத முகம்

தட்சனுடைய தலை போன இடத்தில் ஆட்டுத் தலை வைக்கப்பட்டது. பார்வதியின் பிள்ளைக்கு யானைத் தலை வந்து சேர்ந்தது. போரில் காலிழந்த விச்பலா என்பவளுக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் பொருத்தியதாக ருக்வேதம் கூறுகிறது. இவ்வளவு பெரிய மாறுதல்களுக்குப் பிறகும் தட்சன் தட்சனாகவும் பிள்ளை பிள்ளையாகவுமே இருந்தார்கள் என்பதில் நம் முன்னோர் எள்ளளவும் ஐயம் கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கதைகளிலெல்லாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புதிதாக வந்த அவயவம் பழையதைப் போலத் தோன்ற முயல்வதே இல்லை. ஆட்டுத் தலை மனிதத் தலையாக நடிக்கவில்லை. யானை முகம் தன் துதிக்கையை மறைக்கவில்லை. போனது போயிற்று, வந்தது இது என்று ஒளிவின்றிச் சொல்லிக்கொண்டே அவை தோளின்மேல் அமர்ந்திருக்கின்றன.

மனிதன் தன் கையால் செய்துகொள்ளும் முகத்தின் கதை வேறு. புற்றுநோய்க்காக மூக்கை அரிந்தெடுக்க நேர்ந்தவர்கள், தீயிலும் திராவகத்திலும் வெந்தவர்கள், பிறவியிலேயே ஒரு காது அமையாதவர்கள், 2021-ஆம் ஆண்டில் கொரோனாவின் பின்னாலேயே வந்த கரும்பூஞ்சை நோய்க்குக் கண்ணையும் மேல்தாடையையும் கொடுத்து உயிரை மட்டும் மீட்டுக்கொண்ட நம் நாட்டு மக்கள் பலர் ஆகிய இவர்களுக்கெல்லாம், சிலிக்கோன் என்னும் மென்மையான ரப்பரினால் மூக்கும் காதும் கண்ணைச் சூழ்ந்த பகுதியும் செய்து பொருத்தும் கலை ஒன்று, பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரிகளில் பல்செட்டுக் கட்டும் பிரிவுகளிலேயே, வெளியுலகம் அதிகம் அறியாதபடி நடந்து வருகிறது. இக்கலையின் இலட்சியம் முழுவதும் போலச் செய்தலே. தோலின் நிறம், அதன் நுண்துளைகள், மூக்கின் ஓரத்தில் ஓடும் மெல்லிய செந்நரம்பு ஆகிய ஒவ்வொன்றும் இயற்கையில் உள்ளது போலவே அமைந்து, எதிரில் வருபவன் இது செய்தது என்று உணராமலே கடந்துபோகவேண்டும். அப்படியானால் அது பொய்யா? உள்ளதை உள்ளவாறு காட்டுவதே சத்தியம் என்று கொண்டவர்களுக்கு, இல்லாத மூக்கை உள்ளதாகக் காட்டும் இப்பொருளைப்பற்றி நாம் என்ன விடை சொல்வது?

அறுவைச் சிகிச்சையில் இந்தக் கேள்வி எழுவதில்லை. கன்னத்துத் தோலைக்கொண்டு மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்காக்கும் நம் நாட்டு முறையைப்பற்றிய குறிப்பு ஒன்று 1794-இல் லண்டனிலிருந்து வந்த ‘ஜென்டில்மேன்ஸ் மாகஸின்’ பத்திரிகையில் வெளியாகி, ஐரோப்பிய வைத்தியர்களின் கண்ணைத் திறந்தது. அப்படி அமைத்த மூக்கும் புதியதுதான்; ஆனால் அதில் ஓடுவது அவனுடைய இரத்தம்; வெயிலில் கறுப்பதும் குளிரில் விறைப்பதும் அதற்கு உண்டு; ஆகையால் அதைப் பொய்யென்று சொல்ல எவரும் துணியார். கதிர்ச் சிகிச்சையால் நலிந்த தோலில் ஒட்டு நிற்காதபோதும், புற்று திரும்பி முளைக்கிறதா என்று அந்தக் குழியை அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய நிலையிலும், சொந்தச் சதை உதவாமற்போகத்தான் அந்நியப் பொருளின் துணை வேண்டியிருக்கிறது.

அந்நியப் பொருளை முகத்தில் தாங்கியவர்களுள் கீர்த்தி மிக்கவர் டென்மார்க்கு தேசத்து வானநூலறிஞர் டைக்கோ பிராஹே. 1566-இல், இருபது வயதில், ராஸ்டாக் நகரில் நடந்த ஒரு வாட்போரில் மூக்கின் ஒரு பகுதியை இழந்த அவர், எஞ்சிய வாழ்நாளெல்லாம் உலோக மூக்கு ஒன்றை அணிந்து வாழ்ந்தார். அது வெள்ளியும் பொன்னும் கலந்தது என்று உலகம் நூற்றாண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2010-இல் பிராக் நகரத்துக் கல்லறையைத் திறந்து எலும்பை ஆராய்ந்தவர்கள், அங்கே செம்பும் துத்தநாகமும் படிந்திருக்கக் கண்டு, அது பித்தளையே என்று முடிவு கட்டினார்கள். தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில் கிரகங்களின் நிலையை அவரளவு நுட்பமாக அளந்தவர் ஐரோப்பாவில் எவருமில்லை. அவர் குறித்துவைத்த செவ்வாயின் கணக்கிலிருந்தே கெப்ளர் கிரகங்களின் பாதை நீள்வட்டமென்று கண்டார். பித்தளை மூக்கு அந்தக் கணக்கில் ஓர் இலக்கத்தையும் பொய்யாக்கவில்லை. அருகில் நின்றவர்களுக்கு அது உலோகமென்பது மறைந்திருக்குமென்றும் தோன்றவில்லை. ஆட்டுத் தலையின் நேர்மை அதற்கும் இருந்தது.

போலச் செய்தலின் சங்கடம் முதல் உலகப் போரில் வெளிப்பட்டது. பதுங்குகுழியிலிருந்து தலையை உயர்த்தியவர்கள் முகத்தை இழந்து திரும்பியபோது, லண்டனைச் சேர்ந்த வாண்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்ற சிற்பியும், பாரிஸில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில் அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி அம்மையாரும், போருக்கு முன் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து மெல்லிய உலோகத் தகட்டில் முகமூடிகள் செய்து கொடுத்தார்கள். அணிந்தவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே எனாமல் வர்ணம் தீட்டுவது லாட் அம்மையாரின் வழக்கம். மழித்த கன்னத்தின் நீலச் சாயலைக்கூட அவர் விட்டுவிடவில்லை. வெயில் நாளில் பொருந்தும் நிறம் மேகமூட்டத்தில் பொருந்தாதாகையால் இரண்டுக்கும் நடுவான ஒரு நிறத்தை அவர் தேடினார் என்பதை வாசித்தபோது, அந்தக் கலையின் துயரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. அவர் செய்த முகம் புகைப்படத்தின் வயதிலேயே நின்றது. அதை அணிந்தவரோ ஆண்டுதோறும் முதிர்ந்தார். சிரிக்காமலும் மெல்லாமலும் நாணாமலும் இருந்த அந்த அழகிய இளமுகம் வீட்டிலிருந்த குழந்தைகளுக்கு அச்சம் தந்திருந்தால் அதில் வியப்பதற்கில்லை.

கடினப்படுத்திய ரப்பரும் ஜெலட்டினும் அக்ரிலிக்கும் மாறிமாறி வந்துபோனபின், 1960-ஐ ஒட்டி இக்கலைக்குச் சிலிக்கோன் வந்து சேர்ந்தது. சிலிக்கனும் ஆக்சிஜனும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்த நெடுஞ்சங்கிலியே அதன் முதுகெலும்பு. அது உடம்போடு பகை கொள்வதில்லை, துவளும், ஏற்றிய நிறத்தை ஏற்கும், விழும் ஒளியைச் சிறிது உள்ளே விட்டுச் சிறிது திருப்பியனுப்பும் குணத்தால் சதையின் ஆழத்தை ஒருவாறு தோற்றுவிக்கும். மூக்கை முதலில் மெழுகில் செதுக்கி, அதைச் சுற்றி அச்சு வார்த்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் நிறம் கலந்த சிலிக்கோனை அடுக்கடுக்காக இடுகிறார்கள். இரத்த நாளங்களின் தோற்றத்துக்காக ரேயான் இழைத்துகளைக் கலப்பதும் உண்டு. இவ்வளவு பாடுபட்டுச் செய்த மூக்கின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தை வெளிறச் செய்கிறது. வியர்வையும் தோலின் எண்ணெயும் ஊறுகின்றன. கேண்டிடா என்னும் காளான் அதன் பரப்பில் குடியேறுகிறது. முகத்தோடு இழைந்து மறையவேண்டுமென்று மிக மெல்லியதாக்கிய ஓரங்கள் இரவில் கழற்றும்போது கிழிகின்றன. ஓரம் மெலிந்தால் மறையும், ஆனால் கிழியும். தடித்தால் கிழியாது, ஆனால் கோடாகத் தெரியும்.

இந்த இடத்தில்தான் நானோ துகள்கள் பிரவேசிக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். அத்தகைய பங்குகள் சில பத்துகளே குறுக்களவாக உள்ள தூள் இது. சிலிக்கோனுக்கு இது முற்றிலும் புதிய விருந்தாளியுமல்ல. வலுவூட்டுவதற்காக அதில் நெடுங்காலமாகக் கலந்துவரும் சிலிக்காத் தூளும் இந்த அளவினதே. இப்போது டைட்டானியம், துத்தநாகம், சீரியம் முதலியவற்றின் ஆக்சைடுகளையும் கலந்து பார்க்கிறார்கள். புற ஊதாக் கதிரை விழுங்கும் குணம் இவற்றுக்கு உண்டு. துகள் மிகச் சிறியதாகையால், நன்றாகப் பரவி நிற்கும்வரை, கண்ணுக்குப் புலப்படும் ஒளியை அதிகம் சிதறடிக்காமல் ஏற்றிய நிறத்தையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஏ-2186 என்னும் சிலிக்கோனில் இம்மூன்று ஆக்சைடுகளையும் வெவ்வேறு அளவில் கலந்து சோதித்து 2008-இல் வெளியான ஆய்வொன்று, எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு சேர்க்கையில் அதன் வலிமை மேம்படுவதைக் காட்டிற்று. அளவு மீறினால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. தனித்தனியே பரவி நின்றபோது பலம் தந்த அவையே, திரண்டபின் கிழிசல் தொடங்கும் இடங்களாகிவிடுகின்றன. வெள்ளித் துகள் காளானைத் தடுக்கும், ஆனால் நிறத்தைக் கெடுக்கும். டைட்டானியம் ஆக்சைடோ இன்னும் விசித்திரமானது. அனாடேஸ் என்னும் வடிவத்தில் அது தான் விழுங்கிய கதிரின் சக்தியால் கிளர்ச்சியுற்று, யாரைக் காக்க வந்ததோ அந்தச் சிலிக்கோன் சங்கிலியையே தாக்கவும் கூடும். ருடைல் என்னும் வடிவத்தில் இந்தத் துஷ்டத்தனம் குறைவு. துகளின்மேல் சிலிக்காவோ அலுமினாவோ பூசியும் அதை அடக்கலாம். பஸ்மாசுரனுக்கு வரம் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

விஞ்ஞானிகளின் இந்தப் பிரயாசை அனைத்தும் செய்த முகத்தை மாறாமல் வைத்திருப்பதற்கே. இங்குதான் என் கேள்வி கூர்மை பெறுகிறது. முக்காலத்திலும் மாறாதிருப்பது எதுவோ அதுவே மெய், மாறுவது பொய் என்பது வேதாந்திகளின் அளவுகோல். கயிற்றில் தோன்றிய பாம்பு விளக்கு வந்ததும் மறைந்துவிடுகிறது, ஆகையால் அது பொய்ப்பாம்பு. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு முகம் செய்யும் அறைக்குள் நுழைந்தால் அது தலைகீழாகிவிடுகிறது. பிறந்த மூக்கு வெயிலில் கறுக்கிறது, கோபத்தில் சிவக்கிறது, பசியில் வெளிறுகிறது, ஜலதோஷத்தில் வீங்குகிறது. அதன் பக்கத்தில் செய்த மூக்கு நேற்றைய நிறத்திலேயே நிற்கிறது, நின்ற காரணத்தாலேயே அகப்பட்டுக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் கன்னத்தோடு ஒன்றாய்க் கலந்திருந்த அது, குழல்விளக்கின் கீழ் வந்ததும் தனியே பிரிந்து தெரிவதும் உண்டு; ஏனெனில் தோலின் நிறம் இரத்தத்தாலும் மெலனினாலும் ஆனது, இதன் நிறமோ வேறு சாயங்களால் ஆனது, ஒரே ஒளியில் ஒத்துப்போனவை எல்லா ஒளியிலும் ஒத்துப்போகக் கடமைப்பட்டவை அல்ல. ஆகவே இப்பொருளின் குற்றம் இரட்டையானது. நாளுக்குள் மாறவேண்டிய இடத்தில் அது மாறுவதில்லை. ஆண்டுக்குள் மாறக்கூடாத இடத்தில் மாறிவிடுகிறது. நானோ துகள் தீர்க்க வல்லது இரண்டாவது குற்றத்தை மட்டுமே. அதை எவ்வளவு திறமையாகத் தீர்க்கிறோமோ அவ்வளவுக்கு முதலாவது குற்றம் துலக்கமாகும். இருபது ஆண்டு வெளிறாத சிலிக்கோன் ஒன்று நாளைக்குக் கைக்கு வந்தால், ஐம்பது வயது முகத்தின் நடுவில் முப்பது வயது மூக்கு ஒன்று வீற்றிருக்கும்; லாட் அம்மையாரின் முகமூடி பட்ட சங்கடத்தை நாம் மிகுந்த செலவில் மறுபடி வாங்கியவர்களாவோம்.

இதனால் வேதாந்தியை மறுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. மாறாதது என்று அவர் சொன்னது ஆன்மாவை. ஆன்மாவுக்கு மூக்குமில்லை, முகமுமில்லை. பிழை நம்முடையது. ஆன்மாவுக்குச் சொன்ன இலக்கணத்தைத் தோலின்மேல் ஏற்றி, கெடாதது உயர்ந்தது என்று தீர்மானித்துவிடுகிறோம். எல்லாம் கணந்தோறும் தோன்றி மறையும் தொடர்ச்சியே என்ற பௌத்தர்களின் வாதம் முகத்துக்கு இன்னும் நெருங்கி வருகிறது; ஆனால் அதுவும் போதுமானதன்று. நதியும் கணந்தோறும் மாறத்தான் மாறுகிறது, ஆனால் கரையில் நின்று நாம் சொல்லும் சொல்லுக்காக மாறுவதில்லை. முகத்தின் மாறுதல் மறுமொழி. வெயிலுக்கும் குளிருக்கும், எதிரில் வந்தவனுக்கும், அவன் கொண்டுவந்த செய்திக்கும் உடம்பு விடை சொல்லும் இடம் அது. கண்ணாடியோ தண்ணீரோ இல்லாவிட்டால் தன் முகத்தை யாரும் கண்டதில்லை என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். நமக்கென்று இருந்தும் பிறர் மட்டுமே நேராகக் காணக்கூடிய உடைமை இது.

அப்படியானால் சிலிக்கோன் மூக்கு பொய்யா என்ற கேள்விக்கு வருவோம். இவ்விடத்தில் வள்ளுவரைத் துணைக்கு அழைத்து, நன்மைக்காகச் சொன்ன பொய் என்று மன்னிப்பு வாங்கிக் கொடுப்பது எளிது. பலர் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. மன்னிப்புக் கொடுக்கவேண்டுமானால் முதலில் குற்றம் ஒன்று இருக்கவேண்டும். அணிந்தவர் எவரையும் வஞ்சித்து ஒன்றையும் பெறவில்லை; இரவில் கழற்றி, கழுவி, பெட்டியில் வைக்கிறார்; மனைவியும் மக்களும் அவரை அது இல்லாமல் பார்த்துப் பழகியவர்கள். அவர் அதை அணிவது தெருவுக்காக, அதாவது நமக்காக. சிட்கப் என்னும் ஊரில் ஹெரால்டு கில்லிஸ் என்ற மருத்துவர் முதல் உலகப் போரின் காயக்காரர்களுக்கு முகம் சீரமைத்துக்கொண்டிருந்த நாளில், சாலையோரத்து ஆசனங்கள் சிலவற்றுக்கு நீல வர்ணம் பூசி வைத்திருந்தார்கள். அவற்றில் அமர்ந்திருப்பவரைப் பார்த்தால் மனம் கலங்க நேரும் என்று ஊராருக்கு முன்னறிவிப்புச் செய்வதற்காக. முகத்தை இழந்தவன் ஒருவன், கலங்குபவன் மற்றொருவன். ஆனால் ஒதுக்கமாக ஓர் ஆசனம் முன்னவனுக்கே போடப்பட்டது. செயற்கை மூக்கும் அந்த நீல வர்ணமும் ஒரே நோய்க்கு இருவகை மருந்து. அந்த நோய் பார்ப்பவனுடையது. நீ இந்த உடம்பல்ல என்ற உபதேசத்தை முகம் இழந்தவரிடம் சென்று ஓதும் பெரியோர்கள் உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும் அவரிடம் ஓதுவது குரூரம். அந்த உபதேசத்துக்கு உரிய மாணாக்கன் பேருந்தில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து வெறித்துப் பார்ப்பவனே. மூக்கில்லாதவரை ஆள் அல்லாதவர்போல் கண்டது, உடம்பையே ஆளென்று கொள்ளும் அவனுடைய தேகாத்ம புத்தி.

தெய்வத்தின் திருமேனியைக்கூட நம் மதம் கெடாத பொருளாகக் கருதியதில்லை என்பதையும் நினைவூட்டவேண்டும். பூரியில் ஜகந்நாதருடைய திருமேனி வேப்பமரத்தால் ஆனது; எட்டு, பன்னிரண்டு அல்லது பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஆஷாட மாதம் இரண்டாக அமையும் ஆண்டில், பழைய திருமேனியை அடக்கம் செய்துவிட்டுப் புதியதைப் பிரதிஷ்டை செய்கிறார்கள். நவகளேவரம் என்னும் அந்த விழா கடைசியாக 2015-இல் நடந்தது. பழையதினுள்ளிருந்து புதியதற்கு மாற்றப்படும் பிரம்ம பதார்த்தம் இன்னதென்று எவரும் அறியார். அதை மாற்றும் தயிதாபதிகள் என்னும் சேவகர்கள்கூடக் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் அதைச் செய்கிறார்கள். மரம் உளுக்கும், வர்ணம் மங்கும் என்பதை அந்தச் சம்பிரதாயம் ஒரு குறையாக எண்ணாமல் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. உளுக்காத மரத்தைத் தேடுவதைவிட, உளுத்தபோது மாற்றுவதற்கு ஒரு முறையை வகுத்துவைப்பது மேல் என்று தீர்மானித்தவர்களின் விவேகம் அது. ஆனால் பூரியில் புதிய திருமேனி பழையதன் சாயலிலேயே செய்யப்படுகிறது, ஏனெனில் தெய்வத்துக்கு முதுமையில்லை. மனித மூக்கைப் புதுப்பிக்கும்போது பழைய அச்சை அப்படியே உபயோகித்தால் பொருந்தாமற்போகும்.

குளிர்நாடுகளில் தோல் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறுவதால், கோடைக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாக இரண்டு மூக்குகள் செய்துகொள்வோரும் உண்டு. ஒரே மூக்கை நீண்டகாலம் காக்கும் உபாயத்தைவிட இந்த எளிய ஏற்பாடு எனக்கு அதிகத் தத்துவ ஞானம் உடையதாகத் தோன்றுகிறது. முகம் மாறும் என்பதை அது ஒப்புக்கொண்டுவிட்டதல்லவா? ஆயினும் இரண்டு மூக்குக்குப் பணம் வேண்டும். நம் நாட்டில் தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து, அச்செடுக்க ஒரு நாள் உட்கார்ந்து, மெழுகைப் பொருத்திப் பார்க்க மறுநாள் வந்து, நிறம் தீட்டிக்கொள்ள மறுபடியும் வந்து, ஒவ்வொரு வரவுக்கும் ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு, ஓராண்டிலேயே வெளிறிக் கிழியும் மூக்கு பெருஞ்சுமை. துத்தநாகத்தின் தூளிடமும் சீரியத்தின் தூளிடமும் நான் எதிர்பார்ப்பது அவருடைய அலைச்சல் பாதியாகட்டும் என்பதே. இரண்டாண்டு நான்காண்டானால் போதும். நான்காண்டுக்குப் பிறகு அவர் வரத்தான் வேண்டும். அதற்குள் அவர் கன்னம் சற்று வற்றியிருக்கும், பக்கத்துத் தோலில் புள்ளிகள் தோன்றியிருக்கும், மெழுகைப் புதிதாகவே செதுக்கவேண்டியிருக்கும்.